வாஞ்சூரோடு முடிந்த டிக்கெட்

பால்காரர் அளந்து ஊற்றியதும் நுரையை ஊதி விலக்கிவிட்டுப் பால் எவ்வளவு என்று பார்க்கிறவள் நான். கடைக்குப் போனால் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பிறந்த வீட்டில் இதைச் சாமர்த்தியம் என்றார்கள். கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்த பிறகு, "உன் பொண்டாட்டி சாமி கும்பிடறப்பகூட ஒரு கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுதான்டா கும்பிடுவா" என்று மாமனார் என் கணவரிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதில் தப்பில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் வருவதற்கு முன்பே மாமியார் காலமாகிவிட்டார். மாமனார் பிரெஞ்சு சர்க்கார் கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க ஒருவரிடமும் கை நீட்டாதவர் என்று ஊரில் பெயர். என் கணவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். அப்பா பேசும்போது அவர் பேச மாட்டார். அப்பா பேசாதபோதும் பேச மாட்டார்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். நாகூரில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, மாமனார் தடுப்பார் என்று எதிர்பார்த்துப் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் தடுக்கவில்லை.

"போய்ட்டு வாம்மா. ஆனா ஒண்ணு. பஸ் செலவு போக வீட்டுக்கு ஏதாவது மிஞ்சணும். பஸ்காரனுக்குச் சம்பாதிச்சுக் குடுக்கறதுக்கு ஒரு பொம்பளை விடியறதுக்குள்ள எழுந்து ஓட வேணாம். தை பொறக்கறவரைக்கும் பாப்போம். மிஞ்சுச்சுன்னா போ. மிஞ்சலைன்னா நீயே வேணாம்னுடுவே."

கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அந்த வேலை மேல் அவ்வளவு ஆசை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல்முறையாகத் தன் பெயரைத் தானே எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பாருங்கள், அந்த முகத்துக்காகவே எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்று இருந்தது. அடுப்படியில் நான் என்ன செய்தாலும் அப்படி நிமிர்ந்து பார்க்க அங்கே யாரும் இல்லை.

காரைக்காலுக்கும் நாகூருக்கும் ஒரே சாலைதான். அரசலாற்றுப் பாலம் தாண்டி, பட்டினம் தாண்டி, வாஞ்சூர் வந்துவிட்டால் நாகூர் தர்கா மனோரா கண்ணுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை வாஞ்சூரில் எல்லை இருந்தது. பஸ் அங்கே நின்றுவிடும். இறங்கி, சாவடியில் மூட்டையைப் பிரித்துக் காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏற வேண்டும். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் காரைக்கால் பஸ் வாஞ்சூரைத் தாண்டவில்லை. இந்தப் பக்கத்து முதலாளி வேறு, அந்தப் பக்கத்து முதலாளி வேறு. அவரவர் பர்மிட் அவரவர் மண்ணோடு சரி. போதாக்குறைக்கு எங்கள் பக்கம் சாராயக்கடை உண்டு, அந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் பழைய சாவடிக்காரர் போன இடத்தில் போலீஸ்காரர் நின்றார். என் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து முகர்ந்து பார்ப்பார். சாம்பார் சாதத்தை முகர்ந்து பார்க்கும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆகவே காரைக்காலிலிருந்து வாஞ்சூருக்கு ஒரு டிக்கெட், வாஞ்சூரிலிருந்து நாகூருக்கு இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்வதற்குள் நாகூர் வந்துவிடும். ஆனாலும் ஏறின காலுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டாம். ஒரே வண்டியில் ஒரே மூச்சில் போனால் என்ன ஆகுமோ அதைவிட அதிகம், வண்டி மாறுகிற தண்டனைக்காக. வழியில் இறங்கி ஏறச் சொன்னது நானா? முதலாளிகளின் பர்மிட்டுக்கு நான் ஏன் அழ வேண்டும்? போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என்று சம்பளம் அந்தச் சாலையிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் நயா பைசாவும் வந்தது. அணாவுக்கு எத்தனை பைசா, காலணாவுக்கு எத்தனை பைசா என்று பஸ்ஸுக்குள் தினமும் ஒரு பஞ்சாயத்து. கண்டக்டர் மீதி கொடுத்தால் அத்தனை பேரும் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஊரே என்னைப் போல ஆகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

காலையில் மாமனார் குடையோடு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வருவார். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் ஆண்கள் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் அங்கே போய் நிற்கிற வழக்கம் இல்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் நான் நிற்பேன். அவர் போய் வாங்கி வந்து, "பத்திரம்" என்று டிக்கெட்டைக் கையில் கொடுப்பார். வாஞ்சூரில் ஏறுவதற்கும் சாயங்காலம் திரும்புவதற்கும் தனியாகச் சில்லறை எண்ணிக் கொடுப்பார். பஸ் கிளம்புகிறவரை நிற்பார். இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்க்கும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலைக்குப் போக ஆரம்பித்துச் சில வாரங்களில் ஒன்று என் கண்ணில் பட்டது. வாஞ்சூரில் இரண்டாவது பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் வருவார். நான் காசு கொடுப்பேன். ஆனால் என்னோடு காரைக்காலில் ஏறி, என்னோடு இறங்கி, என்னோடு போலீஸ்காரருக்குப் பையைத் திறந்து காட்டியவர்களில் பலர் காசே கொடுப்பதில்லை. கையிலிருக்கும் ஒரு சீட்டைக் காட்டுகிறார்கள். அவர் அதன் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறார். ஜவுளிக்கடைக்காரர் காட்டுகிறார். மீன் கூடைக்காரி காட்டுகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் துலுக்கத் தெரு அம்மாளும் காட்டுகிறார்.

அந்த அம்மாளை எல்லோரும் லாத்தா என்றே கூப்பிட்டார்கள். அவர்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். நாகூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க அடிக்கடி போவார். மடியில் எப்போதும் துணி போட்டு மூடிய ஒரு கூடை. போலீஸ்காரர் என் தூக்கை முகர்ந்து பார்ப்பார். அந்தக் கூடையைத் தொட மாட்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. மகளுக்கு வட்டலப்பம் கொண்டுபோகிறாராம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற இனிப்பு. வட்டலப்பத்துக்கு அத்தனை கனமா?

அன்று சாயங்காலமே மாமனாரிடம் சொன்னேன்.

"மாமா, அந்த பஸ்ஸுல பாதிப் பேரு காசு குடுக்காம ஏதோ சீட்டைக் காட்டிட்டு வர்றாங்க. நமக்கு மட்டும் ஏன் இல்லை?"

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். "அதெல்லாம் முதலாளிங்களுக்கு வேண்டப்பட்டவங்களுக்குக் குடுக்கறதும்மா. ரெண்டு முதலாளியும் கூட்டு. பார்சல் போடற கடைக்காரன், ஸ்டாண்டுக்கு எடம் விட்டவன், அவன் சொந்தக்காரன் பந்தக்காரன் எல்லாருக்கும் ஓசி. நம்மள மாதிரி ஆளு தலையிலதான் மொளகா அரைப்பானுவ."

நான் மனதில் நினைத்ததை அப்படியே அவர் வாயிலிருந்து கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மீன்காரி எந்த முதலாளிக்குச் சொந்தம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு என் கண் அந்தக் கண்டக்டரை விட்டு நகரவில்லை. யாரிடம் சிரிக்கிறார், யார் வெற்றிலை கொடுக்கிறார்கள், யார் சீட்டை அவர் சரியாகப் பார்க்காமலே கிழிக்கிறார் என்று தினமும் பார்த்துக்கொண்டே போவேன். எங்கும் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை என்பதே எனக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று. இவ்வளவு சுத்தமாகத் திருட முடியும் என்றால் எத்தனை நாள் பழக்கம் என்று நினைத்தேன்.

ஒருநாள் லாத்தா என் பக்கம் திரும்பி, "ஏம்மா டீச்சரு, நீங்க மட்டும் ஏன் தினம் காசு குடுக்குறீங்க?" என்று கேட்டார். மூஞ்சிக்கு நேரே கேலி செய்கிறார் என்று பட்டது. "கொடுக்க இருக்கு, கொடுக்கறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அப்புறம் வெகுநாள் என்னிடம் பேசவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் வீம்புக்கு வாஞ்சூரிலிருந்து நாகூருக்கு நடந்தே போனேன். இரண்டாவது பஸ் காசை மிச்சம் பிடித்துக் காட்டுகிறேன் என்ற எண்ணம். முழங்கால் வரை சேற்றோடு, கடவுள் வாழ்த்து முடிந்து வெகுநேரம் கழித்துப் போய் நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. "டீச்சர், இன்னொரு தடவை இப்படின்னா வேற ஏற்பாடு பண்ண வேண்டியிருக்கும்" என்றார். நடையும் முடியாது, பஸ்ஸும் முடியாது என்றால் நான் பறந்துதான் போக வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்ததும் மாமனார் என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டு செலவைக் கழிப்பார். குரலை உயர்த்த மாட்டார். கழித்து முடித்ததும் மிச்சத்தைத் தொடாமல் அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே பாரும்மா" என்பார். பார்க்கும்படி அதில் ஒன்றும் இருக்காது. எனக்கு அழுகை வரும். என் கணவர் அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பப் போய்விடுவார்.

கார்த்திகையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பஸ்ஸில் எல்லோர் எதிரிலும் கண்டக்டரை நிறுத்தி, "உங்க முதலாளிக்கு நான் என்ன செஞ்சா எனக்கும் அந்தச் சீட்டு கிடைக்கும்? வாயைத் திறந்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன்.

அவர் விழித்தார். "டீச்சரம்மா, அது கூட்டு டிக்கெட்டும்மா. போகவர ரெண்டு பஸ்ஸுக்கும் சேத்து. அதை நான் குடுக்க முடியாது, காரைக்கால் ஸ்டாண்டுலதான் குடுப்பாங்க. உங்க டிக்கெட்டு வாஞ்சூரோட முடியுது, நான் என்ன செய்ய? அங்க கேளுங்க."

எந்தக் கேள்விக்கும் அடுத்த ஊரைக் கைகாட்டுகிற பதில் எனக்குப் புதிதில்லை. மழுப்புகிறார் என்றே நினைத்தேன். ஆனாலும் சாயங்காலம் வந்து, "மாமா, நாளைக்கு நானே அந்த ஜன்னல்ல போய்க் கேக்கப்போறேன்" என்றேன்.

"நல்லா இருக்கே! அந்தக் கும்பல்ல நீ போய் நிக்கறதா? நான் எதுக்கு இருக்கேன்? நான் கேக்கறேன்" என்றார் மாமனார்.

கேட்கவும் செய்தார். மறுநாள் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு முன்னால் குடையைத் தூக்கி ஆட்டினார். உள்ளே இருப்பவர் ஏதோ சொல்ல, இவர் குரல் உயர்ந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சிவந்து திரும்பி வந்தவர், "இல்லேன்னுட்டான்மா, படவா. வேண்டப்பட்டவங்களுக்குத்தானாம்" என்றார். என் வேலைக்காக இந்த வயதில் தெருவில் நின்று சண்டை போடுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. அன்று அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடை செய்து வைத்தேன்.

மார்கழிப் பனியில் மாமனார் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். கணவர் ஆலைக்கு முன்னதாகவே போக வேண்டியிருந்தது. "இன்னைக்கு லீவு போட்டுடேம்மா, தனியா எப்படிப் போவே" என்று படுக்கையிலிருந்தே மாமனார் சொன்னார். தலைமை ஆசிரியையின் முகம் நினைவுக்கு வந்தது. கஞ்சி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஜன்னலுக்கு முன்னால் நான் போய் நின்றதும் ஆண்கள் தாமாகவே விலகி வழி விட்டார்கள். இதற்கா இத்தனை மாதம் மரத்தடியில் நின்றேன் என்றிருந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர்.

"வாங்கம்மா. பெரியவருக்கு உடம்பு சரியில்லையா? உங்களுக்கு என்ன, நாகூர்தானே, கூட்டு டிக்கெட் போட்டுடட்டா?"

எனக்குப் புரியவில்லை. "தினம் வாங்கறதுதான்" என்றேன்.

"தினம் வாங்கறது வாஞ்சூர் டிக்கெட்டுல்ல?" என்று அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நானும் ஆரம்பத்துலேயே சொன்னேம்மா. மருமவ நாகூர் வரைக்கும் போறாங்க, கூட்டு டிக்கெட் எடுத்தா பாதிதானே ஆவும்னு. 'கேட்டதைக் குடு'ன்னுட்டாங்க. பெரிய மனுசங்க, ஏதோ காரணம் இருக்கும்னு அப்புறம் நான் வாயைத் தொறக்கலை."

"இது வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும்தானே?"

"யாருக்கு வேண்டப்பட்டவங்க? காசு குடுத்தா யாருக்கும் உண்டு. அம்பகரத்தூர்லேருந்து தயிர் கொண்டார அம்மாகூட இதானே எடுக்குது."

"போன மாசம் மாமா வந்து சத்தம் போட்டாங்களே, இதுக்காகத்தானே?"

"அதுவா? கிழிஞ்ச நோட்டு ஒண்ணு நீட்டினாங்க. மாத்தி வேற குடுங்கன்னேன். அதுக்குத்தான் கோவம்."

பின்னால் நின்றவர் இருமினார். நான் கூட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். பஸ்ஸில் எப்படி ஏறினேன், பட்டினம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. யார் யாரையோ பிடித்துவைத்துச் சந்தேகப்பட்டேனே! பாலில், தராசில், வட்டலப்பத்தில், கண்டக்டர் சிரித்த சிரிப்பில் என்று எங்கெங்கோ தேடினேன். தினமும் காலையில் தவறாமல் என் கையில் "பத்திரம்" என்று சொல்லி டிக்கெட்டை வைத்தவரை மட்டும் ஒரு கணம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வயிறு எரிந்தது. வாழைப்பூ வடையை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

வாஞ்சூரில் கண்டக்டர் என் சீட்டின் ஓரத்தைக் கிழித்தார். ஜன்னலோரம் இருந்த லாத்தா அதைப் பார்த்துவிட்டு, பழையதை மனதில் வைக்காமல், "அப்பாடா, இப்பவாச்சும் வாங்குனீங்களே. நான் அன்னைக்கே கேட்டேன்ல" என்றார். கூடையைத் திறந்து ஒரு துண்டு வட்டலப்பம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். 

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாமனாருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தேன். பிறகு, வாஞ்சூருக்கும் திரும்புவதற்கும் என்று முந்தின நாளே அவர் எண்ணிக் கொடுத்திருந்த சில்லறையில் மீந்ததை எடுத்துப் படுக்கை ஓரத்தில் வைத்தேன்.

"மாமா, இது இன்னைக்கு மிஞ்சுச்சு."

அவர் காசைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "யாரு குடுத்தா உனக்கு அந்த டிக்கெட்டை?" என்றார்.

நான் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. "கேட்டேன், குடுத்தாங்க" என்றேன்.

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு, "வேலைக்குப் போகாதேன்னு உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்கு மனசு வரலைம்மா. ஆசையா கெளம்பினே. செலவே சொல்லட்டும்னு விட்டுட்டேன். இந்தக் குடும்பத்துப் பொம்பளை யாரும் சம்பளத்துக்குப் போனதில்லை" என்றார்.

"வேணாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன் மாமா. இப்படி ஒவ்வொரு மாசமும் உங்க எதிர்ல உக்காந்து அழுதிருக்க மாட்டேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த நேரத்தில்தான் என் கணவர் ஆலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டிருக்கும். அவர் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜன்னல்காரர் சொன்னது, கிழிந்த நோட்டு, பாதிக் காசு, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். கோபம் வராவிட்டாலும் ஆச்சரியமாவது வரும் என்று பார்த்தேன். இரண்டும் வரவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மெதுவாப் பேசு, அப்பாவுக்குக் காய்ச்சல்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சட்டையின் மடிப்பைச் சரி செய்துகொண்டே நின்றார்.

"கேக்கறேன்ல? தெரியுமா?"

"தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருந்துச்சு" என்றார்.

 தோசைக்கு அரைக்க உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கியபோது அவர் பின்னாலேயே வந்தார். கையில் அப்பாவின் குடை.

"பனியா இருக்கு. நான் வேணா ஸ்டாண்டு வரைக்கும் துணைக்கு வரட்டுமா?"

"எதுக்கு? நீங்களும் வாஞ்சூருக்கு வாங்கிக் குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன்.